தோட்டக்கலைச் சான்றிதழ் கல்லூரியில் செல்லுமா?

புதுச்சேரியில் செடி வளர்க்கக் கற்றுக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமில்லை. 1826-இல் உருவான தாவரவியல் பூங்கா ஊருக்குள்ளேயே இருக்கிறது. குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒட்டுக்கட்டுதல், பதியம் போடுதல், நாற்றங்கால் பராமரிப்பு என்று பயிற்சி முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது: “இதைக் காட்டிக் கல்லூரியில் ஒரு வருஷத்தைக் கழித்துக்கொள்ளலாமா?”

ஒரு வருஷம் பேராசை. சில கிரெடிட் கிடைக்கலாம், அதுவும் எல்லாருக்கும் இல்லை.

2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓராண்டுப் படிப்புக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி. 300 மணி நேரப் பயிற்சிக்குக் கணக்குப்படி 10 வரும். ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் மாடித்தோட்ட வகுப்புக்குப் போனவருக்கும் ஒன்று தேற வேண்டும், தேறாது. தேர்வோ மதிப்பீடோ இல்லாமல் கிரெடிட் கிடையாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பங்கேற்புச் சான்றிதழ் வீட்டுக் கத்தரிச் செடிக்குத்தான் உதவும்.

பலர் சறுக்குவது நிலை எண்ணில். திறன் பயிற்சிகளுக்கு நிலை குறிக்கப்படுகிறது. பிளஸ் டூ முடித்தால் நிலை 4. பட்டப்படிப்பின் முதலாண்டு 4.5. சான்றிதழில் நிலை 3 என்று அச்சாகியிருந்தால், மணி நேரம் எத்தனை இருந்தாலும் அது பள்ளி அளவிலான கற்றல்தான். பட்டத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது கடினம்.

அடுத்தது கிரெடிட்களைச் சேமித்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், 2021-இல் தொடங்கியது. டிஜிலாக்கர் வழியாகக் கணக்கை நீங்கள் திறக்கலாம். கிரெடிட்டைப் பயிற்சி கொடுத்த நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். அந்த நிறுவனம் இதில் பதிவு செய்திருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதி கிரெடிட்டாவது எடுத்தாக வேண்டும். மீதிப் பாதியிலும், எது தன் பாடத்திட்டத்தோடு பொருந்துகிறது என்று முடிவு செய்வது கல்லூரிதான்.

கிரெடிட் கழிப்பதையும் சேர்க்கையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரைக்கால் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியில் பி.எஸ்சி. சேர அறிவியல் பிரிவில் பிளஸ் டூவும் புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் தரவரிசையும் வேண்டும்; பயிற்சிச் சான்றிதழ் அங்கே எடுபடாது. பி.வோக். போன்ற திறன் சார்ந்த பட்டங்கள் பயிற்சி முடித்தவர்களுக்கு இன்னும் நெருக்கம்.

நர்சரியில் பத்து வருஷம் வேலை பார்த்தும் சான்றிதழே இல்லாதவர்கள்? பிரான்சில் 2002 சட்டப்படி வேலை அனுபவத்தை நடுவர் குழு முன் நிரூபித்துப் பட்டமே வாங்கலாம். நம்மூரில் முன்கற்றல் அங்கீகாரம் என்ற மதிப்பீடு உண்டு. அதில் கிடைப்பது திறன் சான்றிதழ், பட்டம் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தெருப் பெயர்களோடு பிரான்சின் அந்த வழியையும் விட்டுப்போயிருக்கலாம்.

கல்லூரிக்குப் போகும்போது சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். பாடத்திட்டம், செய்முறை மணி நேரம், மதிப்பெண் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் கழிப்பார்கள் என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.