பாதரசத் தொட்டியில் பிறந்த மின்பாதை

ஸ்வீடனின் கிழக்குக் கரையிலிருந்து விலகி, பால்டிக் கடலுக்கு நடுவே கிடக்கிறது கோட்லாந்து தீவு. சுண்ணாம்புப் பாறைகளும் ஆட்டு மந்தைகளும் சிமெண்ட் ஆலையும் கொண்ட இந்தத் தீவு, இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் செலவு பிடித்த அனல் மின்நிலையத்தை நம்பித்தான் இருந்தது. அதே நாட்டின் ஆறுகளிலோ மலிவான நீர்மின்சாரம் தாராளம். குறுக்கே நின்றது கடல்தான்.

கடலுக்கடியில் கேபிள் போட்டால் தீராதா? வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை வைத்துக்கொண்டு அது முடியாது. கேபிளுக்குள் ஓடும் கம்பியும் அதைச் சுற்றிய உலோக உறையும் சேர்ந்து ஒரு நீளமான மின்தேக்கியாகிவிடும். ஏ.சி. நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தேக்கியை நிரப்பிக் காலி செய்தாக வேண்டும். நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு இதே வேலை நடந்தால், கம்பி தாங்கக்கூடிய மின்னோட்டத்தில் பெரும்பங்கு இதற்கே செலவாகும். மறுகரைக்குப் போய்ச் சேருவது சொற்பம். திசை மாறாத டி.சி. மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது கேபிளை ஒருமுறை நிரப்பினால் போதும்.

ஆனால் டி.சி. அப்போது தோற்றுப்போன கட்சி. எடிசன் அதைத்தான் நம்பினார். அதன் அழுத்தத்தை ஏற்றவோ இறக்கவோ எளிய வழி இல்லாததால், டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் ஏ.சி. உலகத்தையே பிடித்துக்கொண்டது. மின்சாரம் தொலைதூரம் போக வேண்டுமானால் அழுத்தம் அதிகமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வெப்பமாக வீணாவது கால்பங்காகக் குறையும் என்பது கணக்கு. ஆகவே டி.சி.யை அனுப்ப ஒரு சுற்றுவழிதான் மிச்சம்: ஏ.சி.யாகவே உற்பத்தி செய்து, டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்தத்தை ஏற்றி, டி.சி.யாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மறுபடி ஏ.சி. ஆக்குவது. அந்த இரண்டு மாற்றங்களையும் லட்சம் வோல்ட்டில் செய்யக்கூடிய கருவி எவரிடமும் இல்லை.

அந்தக் கருவியைத் தேடி கால் நூற்றாண்டு செலவழித்தது 1883-ல் தொடங்கப்பட்ட ஆசியா என்ற ஸ்வீடன் மின்பொறியியல் நிறுவனம். (பெயரைப் பார்த்துக் கண்டத்தை நினைத்துவிட வேண்டாம், நீண்ட ஸ்வீடிஷ் பெயரின் முதலெழுத்துகள் அவை.) இந்த வேலையைத் தோளில் சுமந்தவர் 1904-ல் கோதன்பர்க்கில் பிறந்த பொறியாளர் ஊனோ லாம். லூட்விகா என்ற சிற்றூரில் இருந்த ஆசியாவின் தொழிற்கூடம்தான் அவருடைய களம்.

கருவியின் அடிப்படை ஏற்கனவே தெரிந்ததுதான். காற்று நீக்கிய இரும்புத் தொட்டியின் அடியில் பாதரசம் தேங்கியிருக்கும், அது எதிர்முனை. மேலே கிராஃபைட்டாலான நேர்முனை. இரண்டுக்கும் நடுவே மின்வில் பற்றிக்கொண்டால் பாதரச ஆவியின் வழியே மின்னோட்டம் மேலிருந்து கீழாகப் பாயும். கீழிருந்து மேலே போகாது. ஒருவழிப் பாதை என்பதால் அதற்கு வால்வு என்று பெயர். தொழிற்சாலைகளிலும் டிராம் வண்டிகளுக்கும் சில நூறு, சில ஆயிரம் வோல்ட்டில் இவை ஒழுங்காகவே வேலை செய்துவந்தன. அழுத்தத்தைக் கூட்டினால்தான் விபரீதம். அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் வில் திடீரென்று தலைகீழாகப் பற்றும். ஆர்க்-பேக் என்பார்கள். மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து, ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

1929-ல் லாம் காப்புரிமை பெற்ற யோசனை கேட்பதற்கு எளிது. நேர்முனைக்கும் பாதரசத்துக்கும் இடையே பல இடைமுனைகளை வரிசையாக வைத்து, வெளியே உள்ள மின்தடைகள், மின்தேக்கிகள் வழியாக ஒவ்வொன்றுக்கும் அழுத்தத்தைப் பங்குபோட்டுக் கொடுத்தார். மாடியிலிருந்து ஒரே தாவில் குதிப்பதற்குப் பதில் படிக்கட்டில் இறங்குவது மாதிரி, மொத்த அழுத்தமும் ஒரே இடைவெளியில் குவியாமல் சிறுசிறு படிகளாகப் பிரிந்தது. யோசனைக்கு ஒரு நாள் போதும். அது ஐம்பதாயிரம் வோல்ட்டில் நம்பகமாக வேலை செய்வதற்கு இருபது வருடங்களுக்கு மேல் பிடித்தது. மின்வில்லுக்குள் நடப்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிக்க வழியில்லை. வால்வைச் செய்து, உண்மையான மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அரசு மின்வாரியமான வாட்டன்ஃபாலோடு சேர்ந்து ட்ரோல்ஹேட்டன் மின்நிலையத்தருகே சோதனைக்கூடம் அமைத்து, அங்கேதான் அந்தப் பொறுமையான வேலை நடந்தது.

போட்டியாளர்கள் இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் ஜெர்மனியின் சீமென்ஸும் ஏ.இ.ஜி.யும் எல்பே நதிக்கரை மின்நிலையத்திலிருந்து பெர்லினுக்கு டி.சி. கேபிள் போட்டன. அது பயன்பாட்டுக்கு வருவதற்குள் போர் முடிந்தது. கருவிகளைச் சோவியத் படை கழற்றிக்கொண்டு போய், மாஸ்கோவுக்கும் காஷிராவுக்கும் நடுவே ஒரு சோதனைத் தடத்தில் பொருத்தியது.

வணிக ரீதியில் முதலில் ஓடியது கோட்லாந்து தடம்தான். 1954-ல் வெஸ்டர்விக்கிலிருந்து தீவுக்குச் சுமார் 96 கி.மீ. நீளத்தில் ஒரே ஒரு கேபிள் இறங்கியது. அழுத்தம் 100 கிலோவோல்ட், மின்னோட்டம் 200 ஆம்பியர், ஆக 20 மெகாவாட். சுற்று முழுமையாக இன்னொரு கம்பி வேண்டுமே என்று கேட்கலாம். திரும்பும் பாதையாகக் கடல்நீரையே வைத்துக்கொண்டார்கள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வட ஸ்வீடனின் நீர்மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதற்கும் டி.சி.தான் என்று ஒரு காலத்தில் பேச்சிருந்தது. கடைசியில் 1952-ல் ஹார்ஸ்ப்ராங்கெட்டிலிருந்து ஹால்ஸ்பெர்க் வரை சுமார் 950 கி.மீ.க்குப் போடப்பட்டது 380 கிலோவோல்ட் ஏ.சி. தடம், அந்த அழுத்தத்தில் உலகின் முதல் தடமும் அதுவே. அதற்குக் கருவி கொடுத்ததும் ஆசியாதான். தன் வீட்டிலேயே தோற்ற பிறகும் லாமின் ஆராய்ச்சிக்கு நிறுவனம் பூட்டுப் போடவில்லை. இந்தக் கதையில் காப்புரிமையைவிட இதுவே பெரிய விஷயம். அந்த நிறுவனத்துக்கு அப்படி ஒரு குணம் இருந்தது. 1953-ல் செயற்கை வைரத்தையும் செய்துவிட்டு வாய்திறக்காமல் இருந்தார்கள்; இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் அறிவித்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போனது.

கோட்லாந்துக்குப் பிறகு ஆர்டர்கள் வரத் தொடங்கின. 1961-ல் ஆங்கிலக் கால்வாய்க்கடியில் பிரிட்டனும் பிரான்ஸும் இணைந்தன. 1965-ல் நியூசிலாந்தின் இரண்டு தீவுகள். அதே ஆண்டு ஜப்பானின் சகுமாவில் அமைந்த நிலையத்துக்கு நீளமே கிடையாது. கிழக்கு ஜப்பானின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் மேற்கின் 60 ஹெர்ட்ஸையும் ஒட்டவைப்பதே அதன் வேலை. டி.சி.க்கு அதிர்வெண் இல்லை என்பதால் எந்தப் பக்கத்தோடும் அதற்குச் சண்டையில்லை.

இந்தக் குணத்துக்குப் பெரிய சாட்சி இத்தைப்பு. பரானா நதியில் பிரேசிலும் பராகுவேயும் கூட்டாகக் கட்டிய அந்த அணையில் பாதி ஜெனரேட்டர்கள் பராகுவேக்காக 50 ஹெர்ட்ஸில் சுற்றுகின்றன, மீதி பிரேசிலுக்காக 60 ஹெர்ட்ஸில். சிறிய நாடான பராகுவேயால் தன் பங்கு முழுவதையும் பயன்படுத்த முடியாது. மிச்சத்தைப் பிரேசில் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கிய 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ±600 கிலோவோல்ட் டி.சி.யாக மாறி, சுமார் 800 கி.மீ. கடந்து, சாவோ பாலோ பக்கம் 60 ஹெர்ட்ஸாக இறங்குகிறது. 1984 முதல் இயங்கிவரும் இந்தத் தடத்தையும் அமைத்தது ஆசியாதான்.

அதற்குள் பாதரசத்தின் காலம் முடிந்திருந்தது. தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சாதனம் ஆர்க்-பேக் கவலையே இல்லாமல் அதே வேலையைச் செய்தது. 1970-ல் கோட்லாந்து நிலையங்களில் தைரிஸ்டர் அடுக்குகளைச் சேர்த்து, திறனை 30 மெகாவாட் ஆக்கினார்கள். லாம் உயிரைக் கொடுத்து வளர்த்த வால்வை அவருடைய நிறுவனமே ஓரங்கட்டியது. ஆனாலும் நியூசிலாந்தில் கடைசிப் பாதரச வால்வுகள் 2012 வரை ஓடின.

1988-ல் ஆசியா, சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவெரியோடு இணைந்து ஏ.பி.பி. ஆனது. தைரிஸ்டரைத் திறக்கத்தான் முடியும். தானாக அடைபடும்வரை காத்திருக்க வேண்டும். விரும்பியபோது திறக்கவும் அடைக்கவும் முடிகிற ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 1997-ல் ஸ்வீடனில் 10 கி.மீ. நீளச் சோதனைத் தடம் ஒன்றை அந்நிறுவனம் ஓட்டிக் காட்டியது. மறுமுனையில் மின்சாரமே இல்லாவிட்டாலும் இந்த வகை நிலையம் புதிதாக ஏ.சி.யை உருவாக்கிக் கொடுக்கும். நார்வேயின் ட்ரோல் எரிவாயு மேடைக்கு 2005 முதல் கரையிலிருந்து மின்சாரம் போவது இப்படித்தான்.

தமிழ்நாட்டிலும் இதன் கிளை உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கொங்கு மண்டலத்தின் புகளூர் நிலையம் வரை ±800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட்டைச் சுமக்கும் தடத்துக்கு, பெல் நிறுவனத்தோடு சேர்ந்து கருவிகள் தந்தது ஏ.பி.பி. அந்நிறுவனத்தின் மின்வலைப் பிரிவு 2020-ல் ஹிட்டாச்சி கைக்குப் போனது. அனல் மின்சாரம் தெற்கே வருவதற்கும், காற்றாலை சீசனில் உபரியை வடக்கே அனுப்புவதற்கும் ஒரே தடம் போதும். ஏ.சி.க்குத் தேவைப்படும் அளவு அகலமான நிலம் டி.சி.க்கு வேண்டியதில்லை. அதற்காக, வயலுக்குள் உயர்மின் கோபுரம் நட்டதை எதிர்த்துப் போராடிய கொங்கு விவசாயிகளிடம் அகலம் குறைவு என்று சொல்லிச் சமாதானப்படுத்திவிட முடியாது.

ஒரு முடிச்சு மட்டும் நெடுங்காலம் அவிழாமல் கிடந்தது. ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், பழுதின்போது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அந்தக் கணத்தில் மின்வில்லை அணைத்துவிடும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. அதனால் தடத்தில் பழுது வந்தால் மொத்தத் தடத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது. பல நிலையங்களை வலையாகப் பின்ன முடியவில்லை. 2012-ல் ஏ.பி.பி. அறிவித்த கலப்பு பிரேக்கரில், பழுது வந்ததும் மின்னோட்டம் டிரான்சிஸ்டர் அடுக்குக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதற்குள் அதிவேக இயந்திர சுவிட்ச் பிரிகிறது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அடைகின்றன. எல்லாம் 5 மில்லி நொடிக்குள். 2020-ல் சீனாவின் ஜாங்பெய் பகுதியில் நான்கு நிலையங்களை வளையமாக இணைத்த ±500 கிலோவோல்ட் வலை, டி.சி. பிரேக்கர்களோடுதான் இயங்கத் தொடங்கியது.