துணியில் ஒரு தாய்!

மேஜை மீது ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். அவளுக்குத் தலை இல்லை. கைகளும் இல்லை. வயிறு, இடுப்பு, தொடை. அவ்வளவுதான்!

சுற்றிலும் கிராமத்துப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி உள்ளே கையை விட்டுக் குழந்தையைத் திருப்பிப் பார்க்கிறாள். கால் வந்துவிட்டது. உடலும் வந்துவிட்டது. தலை மட்டும் மாட்டிக் கொண்டது! அவசரத்தில் வெடுக்கென்று இழுக்கிறாள்.

பயப்பட வேண்டாம். யாருக்கும் ஆபத்து இல்லை. தாயும் துணி, குழந்தையும் துணி! தவறு செய்தவள் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கிறாள்.

சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சு நாட்டில் ஊர் ஊராக நடந்த பாடம் இது. பாடம் சொன்னவர் ஒரு மருத்துவச்சி. அவர் பெயர் ஆஞ்சலிக் து கூட்ரே.

கதவு அடைத்தார்கள்

கூட்ரே அம்மையார் பாரிஸ் நகரில் ஒரு மூத்த மருத்துவச்சியிடம் 3 ஆண்டு தொழில் பழகினார். 1740-ம் ஆண்டு பிரசவம் பார்க்க அனுமதி பெற்றார்.

அப்போது ரண வைத்தியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் ஆகாது. பிரசவத் தொழிலில் ஆண்கள் நுழைந்து கொண்டிருந்த நேரம். 1745-ம் ஆண்டு ரண வைத்தியர்கள், மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்ல முடியாது என்று கதவைச் சாத்தினார்கள்.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. 40 மருத்துவச்சிகள் சேர்ந்து கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டார். "எங்களுக்குப் படிப்பு வேண்டும்" என்பதுதான் கோரிக்கை. படிப்பு இல்லாவிட்டால் தேர்ந்த மருத்துவச்சிகளே இல்லாமல் போய்விடுவார்கள் என்று அவர்கள் வாதாடினார்கள்.

மலை நாட்டில்...

சில ஆண்டுகளுக்குப் பிறகு அம்மையார் பாரிசை விட்டுக் கிளம்பி, ஓவெர்ன் என்ற மலை நாட்டுக்குப் போனார். அங்கே அவர் கண்ட காட்சி நெஞ்சைப் பிளப்பதாக இருந்தது.

கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுக் கிழவிகள். அவர்களுக்கு யாரும் எதுவும் கற்றுக் கொடுத்தது இல்லை. குழந்தை குறுக்கே கிடந்தால் என்ன செய்வது? தெரியாது. கை முதலில் வெளியே வந்தால்? பிடித்து இழுப்பார்கள்! கை ஒடியும். தாயின் உடல் கிழியும். இரண்டு உயிரும் போவது உண்டு. பிழைத்தவர்களில் பலர் ஆயுள் முழுவதும் ஊனத்தோடு வாழ்ந்தார்கள்.

"நாங்கள் எல்லாம் பெறவில்லையா?" என்று கேட்கும் கிழவிகள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும். எப்படிச் சொல்லிக் கொடுப்பது? பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொன்னால் மறந்து போகும். உயிருள்ள தாயிடம் பழகிப் பார்க்கவும் முடியாது.

கைக்குத்தான் பாடம் வேண்டும் என்று அம்மையார் கண்டு கொண்டார்.

துணி, தோல், கடற்பஞ்சு

துணி, தோல், பஞ்சு ஆகியவற்றைக் கொண்டு ஒரு பெண்ணின் உடலைத் தைத்தார். வாரை இழுத்தால் வழி இறுகும், தளர்த்தினால் விரியும். கடற்பஞ்சை நனைத்து உள்ளே வைத்தால், பனிக்குடம் உடைவது போலத் தண்ணீர் வரும். சிவப்பு நீரை ஊற்றி வைத்தால் ரத்தம் போல வடியும்!

குழந்தைப் பொம்மைக்கு மூக்கு உண்டு. காது தைத்திருந்தது. தலைமுடி மையால் வரைந்தது. வாய் திறந்திருக்கும், உள்ளே நாக்கும் உண்டு. வாய் ஏன் திறந்திருக்க வேண்டும்? அதில்தான் விஷயம் இருக்கிறது. கால் முதலில் வந்து தலை மாட்டிக் கொண்டால், குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு, முகவாயை மார்போடு சாய்த்துத் தலையை எடுக்க வேண்டும். அதைப் பழகுவதற்குத்தான் அந்த வாய்! இரட்டைக் குழந்தைகளும் தொப்புள் கொடியும் நஞ்சுக்கொடியும் கூட அவரிடம் துணியில் இருந்தன.

இதற்கு அம்மையார் வைத்த பெயர் "எந்திரம்".

மன்னரின் உத்தரவு

1756-ம் ஆண்டு பிரான்சு 7 ஆண்டுப் போரில் இறங்கியது. நாட்டில் ஜனத்தொகை குறைகிறது என்று ஆட்சியாளர்கள் கவலைப்பட்டார்கள். பிள்ளை பிழைத்தால்தானே நாளைக்குச் சிப்பாய்? மன்னர் 15-ம் லூயியின் அக்கறைக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்!

1759-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மன்னர் உத்தரவு போட்டார். அம்மையார் நாடெங்கும் சென்று கற்பிக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அதே ஆண்டில் அவருடைய பிரசவப் புத்தகமும் வெளிவந்தது. பத்து ஆண்டு கழித்து அதை வர்ணப் படங்களுடன் அச்சிட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்துப் புரிந்து கொள்ளலாம் அல்லவா?

1760-ம் ஆண்டு முதல் 1783-ம் ஆண்டு வரை அவர் ஓயவில்லை. பெட்டிகளில் பொம்மைகளை ஏற்றிக் கொண்டு, குதிரை வண்டியில் 40-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போனார். ஓர் ஊரில் சுமார் 2 மாதம் பாடம். பிறகு அடுத்த ஊர். அவரிடம் நேரடியாகப் பயின்ற பெண்கள் சுமார் 5 ஆயிரம் பேர் வரை இருக்கும் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

எல்லா ஊரிலும் மாலை போட்டு வரவேற்கவில்லை. சில ஊர்களில் செலவுக்குப் பணம் இல்லை என்றார்கள். சில இடங்களில் ரண வைத்தியர்கள் முறைத்தார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! ரண வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் அவரிடமே வந்து பாடம் கேட்டார்கள். அவர் போன பிறகும் எந்திரத்தை வைத்துப் பெண்களைப் பழக்க வேண்டுமே! எந்திரத்தின் விலை 300 லிவ்ர். லிவ்ர் என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம். பல ஊர்கள் வாங்கி வைத்துக் கொண்டன.

மகள் போல வளர்த்த பெண் ஒருத்தி அவரோடு கூடவே சுற்றித் தொழிலைக் கற்றாள். ஒரு ரண வைத்தியரை மணந்து, போர்தோ நகரில் அந்த வேலையைத் தொடர்ந்தாள். அதே நகரில் 1794-ம் ஆண்டு அம்மையார் காலமானார். பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்துக் கொண்டிருந்த நேரம் அது.

1960-ம் ஆண்டு நார்வே நாட்டில் ஒரு பொம்மைத் தயாரிப்பாளர், மூச்சு நின்றவரைப் பிழைக்க வைக்கப் பழகுவதற்கு "ஆன்" என்ற பொம்மையைச் செய்தார். இன்று நர்சுகளும் டாக்டர்களும் பழகும் பொம்மைகள் மூச்சு விடுகின்றன, நாடி துடிக்கின்றன, பிள்ளையும் பெறுகின்றன!

அம்மையாரின் எந்திரங்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது ரூவான் நகரப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே, ஓர் இளம் பெண்ணின் உண்மையான இடுப்பு எலும்பு இருந்தது!