சம்பளக்காரன் குதிரை!

2018-ல் ஒரு ஞாயிறு. மாமல்லபுரம் போகிற இ.சி.ஆரில், டீக்கடை ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தோம். சிவப்பாய் ஒரு கார் உறுமிக்கொண்டு போனது. முன்பக்கம் ஓடுகிற குதிரை. ஃபோர்டு மஸ்டாங்!

''உங்க ஃபேக்டரி சரக்காடா?'' என்றேன், செங்கல்பட்டு பக்கம் மறைமலைநகர் ஃபோர்டில் வேலை பார்த்த நண்பனிடம்.

''போடா! நாங்க போடறது ஈகோஸ்போர்ட், எண்டெவர். இது கப்பல்ல வந்த துரை!''

துரைதான். ஆனால், பிறந்த கதை வேற ஸார்! 1964 ஏப்ரல் 17-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங்குக்குள் இருந்தது, பெரும்பாலும் 'ஃபால்கன்' என்ற சாதாரண குடும்பக் காரின் சமாசாரங்கள். நீள மூக்கு, குட்டைப் பின்புறம் என்று சட்டையை மாற்றிவிட்டார்கள். விலை 2,368 டாலரில் ஆரம்பம். பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டேன்... அன்றைய அமெரிக்கக் குடும்பத்துக்கு நாலைந்து மாச வருமானம்! இரண்டு வருஷத்துக்குள் பத்து லட்சமாவது கார் தயாராகிவிட்டது.

(நடுவில் 1974-ல், பெட்ரோல் நெருக்கடியின்போது, வி-8 எஞ்சினே இல்லாமல் இளைத்துப்போய் நின்றது குதிரை. மறுவருஷம்தான் வி-8 திரும்பியது.)

தொழிற்சாலையிலேயே வலது பக்க ஸ்டீயரிங் வைத்தது ஆறாம் தலைமுறையில்தான். அதுதான் 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. விலை சுமார் 65 லட்சம். மாசம் ஐம்பதாயிரம் வாங்குகிறவர் டீகூடக் குடிக்காமல் சேர்த்தால் 130 மாசம்!

2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. நண்பன் இன்னும் ஓட்டுவது பழைய ஈகோஸ்போர்ட்தான்.

''இதுல ஒரு போல்ட்டாவது நான் முடுக்கினதா இருக்கும்டா'' என்கிறான்.