பேயை அடித்தால் போதுமா?

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்குப் புது முகம் வந்துவிடும். மேற்கு மலையின் உச்சியில் மேகம் படியும். செங்கோட்டைக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று வீசும். வெயிலும் சாரலும் மாறி மாறி வந்து போகும். அதுவரை நம்மை நினையாத உறவினரும் அப்போது நினைத்துக்கொள்வர். "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்பதே அவர்கள் நலம் விசாரிக்கும் முதற்கேள்வி. நம் பங்கு இல்லத்துத் தாழ்வாரக் கொடியில் சீசன் முடியும்வரை ஈரத்துண்டுகள் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நம் சகோதரியின் மக்கள் மூவர் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தனர். வந்த நேரம், பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கிற்று. ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே மறுபேச்சின்றிப் பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வந்தோம். ரம்புட்டான் பழமும் நேந்திரங்காய்ச் சிப்சும் வாங்கிக் கொடுத்தும் அவர்கள் முகம் மலரவில்லை.

அன்று மாலை இன்னும் இருவரை நாம் வலியச் சென்று அழைத்திருந்தோம். ஒருவர் பிரானூர் மர அறுவை ஆலை ஒன்றில் கணக்கு எழுதுபவர். மற்றவன் அவருடைய மகன், பத்தாம் வகுப்பு மாணவன். அவர்கள் இசைவோடுதான் இதனை எழுதுகிறோம், பெயர் வேண்டாம்.

மூன்று வாரங்களுக்கு முன் அந்தத் தந்தை நம்மிடம் வந்து அழுதார். மகளிர் குழுக் கடனுக்குக் கட்டுவதற்கென்று தாய் வங்கியில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 6,400 ரூபாயை, மகன் கைப்பேசி விளையாட்டு ஒன்றில் ஆயுதமும் அலங்கார உடையும் வாங்கிச் செலவழித்துவிட்டான். விவரம் வெளிப்பட்ட இரவில் தந்தை அவனை அடித்தார். கைப்பேசியைத் துவைக்கும் கல்லில் அறைந்து நொறுக்கினார். அன்றிலிருந்து மகன் தந்தையோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தனியறைக்குச் சென்று உண்கிறான். பள்ளி விட்டதும் நண்பனின் கைப்பேசியில் அதே விளையாட்டு தொடர்கிறது.

"பேய் பிடித்தவன் மாதிரி இருக்கிறான் சாமி. பேயைத்தான் அடித்து நொறுக்கிவிட்டேனே, இன்னும் ஏன் போகவில்லை?" என்றார். அப்போது நம்மிடம் விடை இல்லை. அந்த விடையை நாம் கற்றுக்கொண்டது எங்கிருந்து என்றால், நேயர்களே, வியப்படையாதீர்கள், ஒரு வீடியோ கேமிலிருந்துதான்!

கோவையில் பொறியியல் பயிலும் நம் மூத்த மருமகன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, நான்கு ஜாய்ஸ்டிக்குகளையும் எடுத்து வைத்தான். "மாமா, இது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து விளையாட்டு" என்றான். அதன் பெயர் 'காண்ட்லெட்'. போர்வீரர் அணியும் இரும்புக் கையுறை என்பது அச்சொல்லின் ஒரு பொருள். 1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட, நாணயம் போட்டு ஆடும் பெரிய இயந்திரம் அது. அந்த இயந்திரத்தின் ஆட்டத்தையே இன்று வீட்டுக் கணினியிலும் ஆடலாம்.

அதை வடிவமைத்தவர் எட் லாக். 1979-இல் 'ஆஸ்டராய்ட்ஸ்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஆக்கியவர்களுள் ஒருவர். அவருடைய மகனுக்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனை விளையாட்டில் பெரும் மோகம். 1974-இல் வெளிவந்த அவ்விளையாட்டில், நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனாய்த் தம்மைப் பாவித்துக் கதை வளர்ப்பர். அதுபோல் ஒன்று செய்து தருமாறு மகன் தந்தையை நச்சரித்தான். மாசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் ஜான் பேலவிச் என்பவர் உருவாக்கி 1983-இல் வெளிவந்த 'டேண்டி' என்னும் நால்வர் விளையாட்டும் லாக்கிற்கு வழிகாட்டியது. மகனின் ஆசையும் மாணவரின் ஆக்கமும் சேர்ந்து விளைந்ததே 'காண்ட்லெட்' எனலாம்.

ராசா மகனும் மந்திரி மகனும் சேர்ந்து காட்டுக்குப் போன கதையை நம் ஆச்சிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம் அன்றோ? இதுவும் அத்தகையதே. இதில் வீரர் நால்வர். சிவப்பு நிறத்தில் தோர் என்னும் போர்வீரன்; கைகலப்பில் இவனை வெல்ல ஆளில்லை. நீல நிறத்தில் தைரா என்னும் வீரமங்கை. இவள் கவசமே உறுதியானது. மஞ்சள் நிறத்தில் மெர்லின் என்னும் மந்திரவாதி. கைவலிமை குறைவு, மந்திர வலிமை மிகுதி. பச்சை நிறத்தில் குவெஸ்டர் என்னும் வில்லாளன். ஓட்டத்தில் இவனை மிஞ்சுவார் இல்லை. ஒருவனிடம் உள்ளது மற்றவனிடம் இல்லை. பாதாள அறைகளில் பேய்களும் பூதங்களும் மொய்க்க, அவற்றை வெட்டியும் வீசியும் வழி திறந்து செல்வதே ஆட்டம்.

இயந்திரத்தின் சூழ்ச்சியையும் சொல்லவேண்டும். நாணயம் போட்டதும் வீரனுக்குச் சில நூறு என்று உயிர்க்கணக்கு ஒன்று கிடைக்கும். பகைவர் தாக்கினால் அது குறையும். தாக்காவிட்டாலும், சும்மா நின்றாலும், நொடிக்கு ஒன்று என்று தேய்ந்துகொண்டே இருக்கும். தீரும் தறுவாயில் மீண்டும் ஒரு நாணயம் போட்டால் உயிர் ஏறும். ஆட்டத்திற்கு முடிவென்று ஒன்று வைக்கப்படவில்லை. அறைக்குப்பின் அறை வந்துகொண்டே இருக்கும். நால்வருக்கும் தனித்தனியே நாணயத் துளை. ஒரு சிறுவன் ஆட மூவர் வேடிக்கை பார்த்த காலம் போய், நான்கு சட்டைப்பைகளும் ஒரே நேரத்தில் காலியாகும் காலம் வந்தது. அந்த இயந்திரம் 7,800-க்கும் மேல் விற்பனையானதில் வியப்பென்ன? இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பிள்ளைகளிடம் காசு கறப்பதற்கு இது மூத்த வழிகாட்டிகளுள் ஒன்று.

ஆயினும் அதே இயந்திரத்தில் வேறொரு நீதியும் இருக்கிறது. நால்வரும் ஒரே திரைக்குள் இருக்கவேண்டும். தோழரைப் பின்னே விட்டுவிட்டு ஒருவன் மட்டும் முன்னே ஓட முடியாது. வழியில் ஆங்காங்கே உணவு கிடக்கும். உண்டவனுக்கு உயிர் கூடும். ஆனால் ஒருவரே உண்ண முடியும். யார் உண்பது? பலமுள்ளவனா, சாகக் கிடப்பவனா? அந்த உணவுகளில் சில, தோழனின் அம்பு தவறிப் பட்டாலே அழிந்துபோகும். இன்னான் உணவைச் சுட்டான் என்று இயந்திரமே மனிதக் குரலில் சொல்லிக் காட்டிவிடும். பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

வீட்டுக் கணினியில் நாணயத்திற்குப் பதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், உயிர் இலவசம். இலவசமென்றால் விடியும்வரை எழமாட்டார்களே என்று நாம் அஞ்சினோம். சமையலறைக்குச் சென்று பல்லாங்குழிக்கென வைத்திருந்த புளியங்கொட்டைகளை எடுத்து வந்து, ஆளுக்கு ஐந்து கொடுத்தோம். "ஒரு முறை உயிர் ஏற்றினால் ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்தில் போடவேண்டும். கொட்டை தீர்ந்தவர் ஆட்டத்திலிருந்து விலகவேண்டும். விரும்பினால் பிறருக்குக் கொடுக்கலாம், பறிக்கக்கூடாது" என்பது விதி.

எட்டாம் வகுப்பில் படிக்கும் மருமகள் தைராவானாள். எட்டு வயதுப் பொடியன் மெர்லின். அந்த மாணவன் ஒன்றும் பேசாமல் வில்லாளனைத் தேர்ந்துகொண்டான். நான்காவது ஜாய்ஸ்டிக்கை நாம் தந்தையின் கையில் கொடுத்தோம். "எனக்கு எதற்குச் சாமி இதெல்லாம்?" என்று மறுத்தார். "மூவர் போதாது, நால்வர் வேண்டும்" என்று சொல்லி உட்கார வைத்தோம்.

அவர் ஆடிய ஆட்டத்தை என்னென்பது! பேய்கள் வரவர, நின்ற இடத்திலேயே நின்று கோடரியை வீசிக்கொண்டிருந்தார். பத்துப் பேயை வீழ்த்தினால் இருபது வந்தன. கால் மணி நேரத்திற்குள் மூன்று கொட்டைகள் கிண்ணத்தில் விழுந்துவிட்டன. மகன் ஓரக்கண்ணால் பார்த்தான், பொறுத்தான், பிறகு பொறுக்க முடியாமல் வாய் திறந்தான்.

"அப்பா, பேயை அடிச்சுக்கிட்டே நிக்காதீங்க. அது வந்துக்கிட்டேதான் இருக்கும். அந்த மூலையில எலும்புக் குவியல் கிடக்கு பாருங்க, அங்கிருந்துதான் பேய் பிறக்குது. முதல்ல அதை உடைங்க."

உண்மைதான். அந்த ஆட்டத்தில் பேய்களுக்குப் பிறப்பிடம் ஒன்று உண்டு. அது இருக்கும்வரை பேய்களுக்குப் பஞ்சமில்லை. அதை உடைத்துவிட்டால் அறை அமைதியாகும்.

மூன்று வாரங்களுக்குப் பின் மகன் தந்தையிடம் பேசிய முதல் பேச்சு அது. தந்தை திரையைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். அதற்குள் மேலும் இரண்டு பேய்கள் அவர்மேல் பாய்ந்தன என்பது வேறு செய்தி!

சற்று நேரத்தில் தந்தையிடம் கொட்டையும் இல்லை, உயிர்க்கணக்கும் ஐம்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. அறையின் நடுவே ஒரு தட்டு உணவு தென்பட்டது. ஓட்டத்தில் வல்ல வில்லாளன் முதலில் அதன் அருகே போய்ச் சேர்ந்தான். சேர்ந்தவன் எடுக்கவில்லை, ஒதுங்கி நின்றான். "நீங்க சாப்பிடுங்கப்பா" என்றான். வீட்டில் தனித்து உண்பவன் சொன்ன சொல் அது. அந்த மனிதருக்குக் கை நடுங்கிற்று. அன்றிரவு நம் இல்லத்தில் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம்.

நம்மிடம் அன்று இல்லாத விடை இதுதான். கைப்பேசியை நொறுக்கியவர் ஒரு பேயைத்தான் அடித்தார். பேய் பிறக்கும் இடம் அப்படியே இருந்தது. அது எது? தனிமை. தந்தை ஆலையிலிருந்து வர இரவு ஒன்பது மணி. தாய்க்குச் சமையலறையும் குழுக்கூட்டமும். மகன் என்ன விளையாடுகிறான், யாரோடு விளையாடுகிறான், அதில் எதை வென்றான், எதை இழந்தான் என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்பாரற்ற அறையில்தான் பேய் குட்டி போடுகிறது.

அரசும் தன் கடமையைச் செய்திருக்கிறது. 2022-இல் தமிழக சட்டமன்றமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. ஆனால் பந்தயமே இல்லாத விளையாட்டுக்குள் ஆயுதமும் உடையும் வாங்குவது வேறு வகை. அங்கே பெற்றோரின் கண்ணே காவல். மற்றொன்றும் அறியத்தக்கது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முதன்மையாதல், கேடு விளைந்தும் நிறுத்தாமை என்பவை அதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டுக் காலமேனும் இவை தொடர்ந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் மருத்துவர் அப்படிக் கணிப்பர். ஆகவே விளையாடும் பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் அல்லர். நோய் முற்றியவனை அடித்துத் திருத்தவும் முடியாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

பெற்றோரே, நாம் கண்டறிந்த சில எளிய வழிகளைச் சொல்கிறோம். விளையாட்டு நடுக்கூடத்தில் நடக்கட்டும். பூட்டிய அறையில் வேண்டாம். ஆட உட்காருமுன்பே எவ்வளவு நேரம் என்று முடிவாகட்டும். முடிவில்லாத ஆட்டத்திற்கு முடிவை நாம்தான் வைக்கவேண்டும். பணம் செலுத்தும் இரகசிய எண் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வாரத்தில் ஒரு மணி நேரமாவது அருகில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். தோற்றாலும் வெட்கமில்லை. உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பெருமை உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கட்டுமே!

அன்றோடு அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். ஐப்பசியில் ஒரு நாள் மகன் மீண்டும் நள்ளிரவுவரை விழித்திருந்து பிடிபட்டான். ஆனால் இம்முறை துவைக்கும் கல்லுக்கு வேலை இருக்கவில்லை. தந்தை அருகில் போய் உட்கார்ந்து, "இது என்ன ஆட்டம்? எனக்கும் சொல்லிக்கொடு" என்றாராம். சனிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டில் இன்றும் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டைகள். தாய்க்கு எடுத்த பணத்தை ஈடுகட்ட, பண்டிகைப் புத்தாடை வேண்டாமென்று மகனே சொல்லிவிட்டான்.

மறுநாள் ஞாயிறு பிற்பகலில் வெள்ளம் தணிந்து தடை நீங்கியது. அனைவரும் பேரருவிக்குப் போனோம். மேலிருந்து விழும் தண்ணீர் கல் எறிவதுபோல் தலையில் அறையும். பழகாதவரால் தனியே நிற்க முடியாது. அந்தத் தந்தையும் மகனும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நெடுநேரம் வெளியே வரவில்லை. காவலர் விசில் ஊதிய பிறகே வந்தார்கள்.