பின் சீட்டு – 6: உட்காரும் உயரம்

போன வாரம் முழங்கால் இடைவெளியோடு நிறுத்தினோம். வீல்பேஸ் என்பது முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம், தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நடு சீட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் பழைய வேகன் ஆர் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

நம் ஊருக்கு வேகன் ஆர் வந்தது 1999 கடைசியில். ஜப்பானில் சுஸுகி அதை 1993-லேயே விற்கத் தொடங்கிவிட்டது. அந்த முதல் வண்டிக்கு டிரைவர் பக்கம் ஒரே ஒரு கதவு, மறுபக்கம் இரண்டு. பின் சீட்டில் உட்காருபவர் இடது பக்கமாக மட்டும்தான் ஏறி இறங்க முடியும். இதைப் படித்ததிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிலும் நம்மைப் போலவே சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இடது கதவைத் திறந்தால் ஓரம், வலது கதவைத் திறந்தால் நடுரோடு. தி.நகர் உஸ்மான் ரோட்டில் குழந்தை வலது பக்கக் கதவைத் திறக்கும்போது பின்னால் வரும் பைக்கை நினைத்துப் பதறிய எவருக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். பின்னாளில் இரு பக்கமும் இரண்டு கதவுகள் வைத்த வண்டிகளும் வந்தன. ஆனாலும் அந்த மூன்று கதவு வண்டிமேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

கதவைவிடப் பெரிய விஷயம் அதன் கூரை. ஜப்பானில் 'கெய்' என்றொரு சிறிய கார் வகை உண்டு. அந்த வகைக்கான சலுகைகள் வேண்டுமென்றால், அப்போதைய சட்டப்படி வண்டி 3.3 மீட்டர் நீளத்தையும் 1.4 மீட்டர் அகலத்தையும் தாண்டக்கூடாது. எஞ்சின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும். உயரம் மட்டும் 2 மீட்டர் வரை போகலாம். அந்த உயரத்தை அதுவரை பெரும்பாலான சிறிய கார்கள் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. சுஸுகி கூரையைத் தூக்கியது, கூடவே சீட்டையும் தூக்கியது. அது நன்றாக விற்றதும் 1995-ல் டைஹாட்சுவின் மூவ் அதே வழியில் வந்தது.

சீட்டைத் தூக்கினால் என்ன ஆகிறது? நாற்காலியில் நிமிர்ந்து உட்காருபவருக்கு ஈஸி சேரில் சாய்ந்திருப்பவரைவிடக் குறைந்த இடம் போதும். கால் முன்னால் நீளாமல் கீழே இறங்கிவிடுகிறது. நீளம் குறைந்த வண்டியிலும் முழங்கால் முன் சீட்டில் இடிக்காது. கூரை தாழ்ந்த வண்டியில் தலைக்கு இடம் வேண்டுமே என்று சீட்டைத் தரையோடு இறக்குகிறார்கள். முழங்கால் மேலே போகிறது, தொடை சீட்டில் படியாமல் அந்தரத்தில் நிற்கிறது, உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்குகிறது. ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனால் விழுப்புரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

இன்றைய ஸ்விஃப்ட் 3860 மி.மீ. நீளம், வேகன் ஆர் 3655. ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம். ஆனால் வீல்பேஸைப் பாருங்கள்: ஸ்விஃப்டுக்கு 2450, வேகன் ஆருக்கு 2435. வெறும் 15 மி.மீ.தான் குறைவு. உயரத்தில் வேகன் ஆர் 1675, ஸ்விஃப்ட் 1520. வெளியே சிறியதாகத் தெரியும் வண்டியின் பின் சீட்டில்தான் பெரியவர்கள் சௌகரியமாக உட்காருகிறார்கள்.

என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். தாழ்வான காரிலிருந்து இறங்கும்போது முதலில் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொள்வார். பிறகு ஒரு காலை வெளியே வைப்பார். மற்றொரு கால் சீட்டு முனைக்கும் கதவுத் தூணுக்கும் நடுவில் சிக்கும், புடவைக் கொசுவம் வாசல் விளிம்பில் மாட்டும். அப்புறம் யாராவது கை கொடுத்துத் தூக்க வேண்டும். வேகன் ஆரில் அப்படியே பக்கவாட்டில் திரும்பினார், இரண்டு பாதமும் தரையைத் தொட்டன, எழுந்துவிட்டார். கை கொடுக்கப் போன என்னிடம், "நீ போய்ப் பையை எடுடா" என்றார்.

வேகன் ஆரின் குறை அகலம். 1620 மி.மீ.தான்; ஸ்விஃப்ட் 1735. பின்னால் மூன்று பெரியவர்கள் என்றால் தோள்கள் இடிக்கும். இருவருக்கு அது அருமையான வண்டி, மூவருக்கு அல்ல.

2008-ல் டாடா காட்டிய நானோவும் இதே கணக்குத்தான். எஞ்சின் பின்னால் போயிற்று, நீளம் 3.1 மீட்டர், உயரம் 1.65 மீட்டர். மாருதி 800-ஐவிட உள்ளே 21 சதவீதம் இடம் அதிகம் என்று அப்போது சொன்னார்கள். உயரமானவர்களும் அதன் பின் சீட்டில் தாராளமாக உட்கார்ந்தார்கள்.

நம் நாட்டில் 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கு வரி குறைந்தது. நம் ஹேட்ச்பேக்குகள் அந்த எல்லையை ஒட்டியே வளர்ந்தன. பலேனோ 3990, ஆல்ட்ரோஸ் 3990, ஐ20 3995. நீளத்தைக் கடைசி மில்லிமீட்டர் வரை எடுத்துக்கொண்டவர்கள் கூரையை மட்டும் தோற்றத்துக்காகத் தாழ்த்தியே வைக்கிறார்கள். பலேனோவின் உயரம் 1500 மி.மீ. அதில் முழங்காலுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. முட்டி வலிக்காரர் எழுந்திருக்க அது மட்டும் போதாது.

கார் பார்க்கப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரையும் அழைத்துப் போங்கள். முன் சீட்டை நீங்கள் ஓட்டும் நிலைக்குத் தள்ளிவிட்டு, அவரை உங்களுக்குப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாக நுழைந்தால் அந்த வண்டி நீண்ட பயணத்துக்கு ஆகாது. யாரும் கை கொடுக்காமல் அவரே இறங்குகிறாரா என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவிலும் அவர் பின்னால் இருக்கட்டும்.

நடு சீட்டும், ஹோண்டா ஜாஸில் முன் சீட்டுக்கு அடியில் போன பெட்ரோல் டேங்கும் அடுத்த வாரம்.