வண்ணங்களின் இசைவு

ஓவியம் பயிலும் மாணவர் பலர் என்னிடம் வினவுவது ஒன்றுண்டு: "எந்த வண்ணத்தோடு எந்த வண்ணம் சேரும்?" பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அத்தகைய பட்டியலை நான் தருவதில்லை. ஒரு வண்ணம் எவ்வாறு தோன்றும் என்பதை அதன் அண்டையிலுள்ள வண்ணங்களே பெரிதும் முடிவு செய்கின்றன. இதனை முறையாக ஆராய்ந்து நிறுவியவர் ஓவியர் அல்லர். பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் ஒருவர்.

பாரிஸ் நகரின் கோபலேன் நெசவுக்கூடம் சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பெயர் பெற்றது. 1824ஆம் ஆண்டில் மிஷெல் யூஜின் ஷெவ்ரேல் அங்கே சாயப் பகுதியின் தலைவரானார். நீல ஆடைகளையும் ஊதா ஆடைகளையும் நெய்யும்போது, நிழலுக்காகச் சேர்த்த கறுப்பு நூல் வலுவற்றுத் தோன்றுகிறது என்ற குறை அவர் செவிக்கு எட்டியது. சாயம் ஏற்றியவர்கள்மீது பழி விழுந்தது. ஷெவ்ரேல் விரைந்து தீர்ப்புக் கூறவில்லை. பிற பட்டறைகளில் சாயமேற்றிய கறுப்புக் கம்பளி நூலைப் பெற்று ஒப்பிட்டுப் பார்த்தார். கோபலேன் நூல் எதற்கும் தாழ்ந்ததாக இல்லை. அதே நூல் நீலத்தின் பக்கத்தில் அமர்ந்தபோதுதான் வெளிறிற்று!

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. ஒரு நிறத்தைக் காணும் கண், அதன் அருகே அதற்கு எதிரான நிறத்தின் சாயலையும் தானே கற்பித்துக்கொள்கிறது. சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என இவற்றை எதிர் நிறங்கள் என்பர். நீலம் எழுப்பிய ஆரஞ்சுச் சாயல் கறுப்பின்மேல் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. இந்த ஆராய்ச்சியின் பயனாக 1839இல் ஷெவ்ரேல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்வந்த ஓவியர் பலருக்கு அது வழிகாட்டிற்று.

நீங்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரு சிறு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாள்மீதும் மற்றொன்றைப் பச்சைத் தாள்மீதும் வையுங்கள். முதலாவது சற்றே பசுமையாகவும், இரண்டாவது சற்றே செம்மையாகவும் தோன்றும். மேலே மெல்லிய வெண்தாளை விரித்தால் வேறுபாடு இன்னும் விளங்கும்.

இதிலிருந்து ஓவியன் பெறும் பாடம் யாது? எதிர் நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூண்டும். இரண்டும் ஒரே அளவில், ஒரே வலிமையில் நின்றால் கண் எங்கே தங்குவது என்று அறியாமல் அலையும். 1888இல் வின்சென்ட் வான்கோ தீட்டிய 'இரவுக் காப்பிக்கடை'யில் சிவந்த சுவரும் பச்சைக் கூரையும் மோதுகின்றன. மனிதரின் கொடிய உணர்ச்சிகளை அவ்விரு நிறங்களால் காட்ட முயன்றதாக அவரே தம் தம்பிக்கு எழுதினார். அமைதியின்மையே அங்கு நோக்கம்.

அமைதி வேண்டுமாயின் ஒரு நிறம் ஆள, மற்றது துணை நிற்க வேண்டும். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைப் பொய்கையைப் பாருங்கள். இலைகளின் பச்சை எங்கும் பரந்து கிடக்க, மலர்களும் பூக்கொய்வோர் மேனியும் ஆங்காங்கே செம்மை காட்டுகின்றன. அளவு வேறாதலால் அங்கே பூசல் இல்லை. சுண்ணாம்பு, கரி, காவி மண், பச்சை மண் முதலிய சில பொருள்களையே கையாண்டதும் இசைவுக்குத் துணை செய்தது.

மற்றொரு வழியும் உண்டு. ஒரு நிறம் மிகையாகக் கூவினால், அதன் எதிர் நிறத்தில் ஒரு துளியை அதனோடு கலவுங்கள், அது அடங்கிவிடும். மிகுதியாகக் கலந்தாலோ சேறுபோல் மங்கும். ஆதலின் சிறிது சிறிதாகவே சேர்த்துப் பார்த்தல் நலம்.

படத்தில் ஒரு வண்ணம் பொருந்தவில்லை என்று தோன்றினால், அதை உடனே அழித்துவிடாதீர்கள். கோபலேன் சாயக்காரர்மேல் விழுந்த பழி அந்த வண்ணத்தின்மேலும் விழலாகாது. சற்று எட்டி நின்று, முதலில் அதன் அண்டை வண்ணத்தை மாற்றிப் பாருங்கள்.