காற்றில் பதிந்த கைரேகை

உங்கள் பள்ளியில் விவாதப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பருவநிலை மாற்றத்துக்கு மனிதனே காரணம்’ என்பது தலைப்பு. நீங்கள் ஆதரித்துப் பேசி அமர்ந்ததும் எதிரணி மாணவர் எழுகிறார்.

“பூமியின் வெப்பநிலை எப்போதுதான் மாறாமல் இருந்தது? பனியுகம் வந்தபோது தொழிற்சாலைகளா இருந்தன? காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 விழுக்காடு. அதைப் போய்க் குற்றம் சொல்லலாமா?” என்று கேட்கிறார். அரங்கில் பலத்த கைதட்டல்.

இப்போது என்ன பதில் சொல்வீர்கள்? “விஞ்ஞானிகள் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றால் நடுவர்கள் ஏற்கமாட்டார்கள். விஞ்ஞானிகள் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

எதிரணி சொன்னதிலும் உண்மை உண்டு

பருவநிலை இயற்கையாகவும் மாறும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சிங்கப்பூர் ஒரு தீவாகவே இல்லை. இங்கிருந்து ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போயிருக்கலாம். பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் மிக மெதுவாக ஏற்படும் மாற்றங்களே பனியுகங்களுக்கு வித்திட்டன.

ஆனால் வேகத்தைக் கவனியுங்கள். பனியுகத்திலிருந்து மீண்டு பூமி சில டிகிரி வெப்பமடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போதோ, 1850-1900 காலக்கட்டத்துடன் ஒப்பிட்டால், 2011-2020க்குள் 1.1 டிகிரி செல்சியஸ் கூடிவிட்டது.

முன்பு ஒரு வீடு மின்கசிவால் எரிந்தது என்பதற்காக, இன்று எரியும் வீட்டுக்கும் மின்கசிவுதான் காரணம் என்று தீயணைப்பாளர்கள் முடிவு கட்டுவதில்லை. தடயங்களைத் தேடுகிறார்கள். நாமும் தேடுவோம்.

தடயம் 1: கூடிக்கொண்டே போகும் கணக்கு

1859ல் ஜான் டிண்டால் எனும் விஞ்ஞானி ஓர் ஆய்வு செய்தார். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் உயிர்வாயுவும் வெப்பக் கதிர்களைத் தடுக்காமல் விட்டுவிடுகின்றன என்றும், கரியமில வாயுவும் நீராவியும் அவற்றை ஈர்த்துக்கொள்கின்றன என்றும் அவர் கண்டார். 0.04 விழுக்காட்டைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். மீதமுள்ள காற்றில் பெரும்பகுதி செய்யாத வேலையை அது செய்கிறது.

1958ல் சார்ல்ஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். ஒரு மில்லியன் மூலக்கூறுகளில் சுமார் 313 கரியமில வாயுவாக இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்ட்டிகாவின் ஆழ்ந்த பனிக்கட்டிக்குள் பழங்காலக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. அதை ஆராய்ந்தபோது, தொழில்புரட்சிக்கு முந்திய 800,000 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை சுமார் 300ஐத் தாண்டியதே இல்லை எனத் தெரிந்தது.

தடயம் 2: அந்தக் கரிமத்தின் வயது

கூடுதல் கரியமில வாயு எங்கிருந்து வந்தது? கரிம அணுக்களில் ஒரு சிறு பங்கு ‘கரிமம்-14’ எனும் கதிரியக்க வகை. அது ஒவ்வொரு 5,730 ஆண்டுகளுக்கும் பாதியாகக் குறையும். நிலக்கரியும் எண்ணெயும் மண்ணுக்கடியில் பல மில்லியன் ஆண்டுகள் கிடந்தவை. அவற்றில் கரிமம்-14 எஞ்சியிருக்காது. 1955ல் ஹன்ஸ் சூஸ் எனும் விஞ்ஞானி, அண்மைக்கால மரவளையங்களில் கரிமம்-14ன் பங்கு குறைந்திருப்பதைக் காட்டினார். மிகப் பழைய கரிமம் காற்றில் கலந்துகொண்டிருந்தது.

“எரிமலை கக்கும் வாயுவிலும் கரிமம்-14 இல்லையே?” என்று எதிரணி மடக்கலாம். நல்ல கேள்விதான். எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர்கள் வெளியிடுவதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. மேலும், எதையாவது எரித்தால் உயிர்வாயு செலவாகும். கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் காற்றிலுள்ள உயிர்வாயுவைத் துல்லியமாக அளந்துவருகிறார். அது மிகச் சிறிதளவு, ஆனால் தொடர்ந்து, குறைகிறது. நாம் சுவாசிக்கப் போதாமல் போகும் அளவுக்கு இல்லை. எங்கோ எரிபொருள் எரிகிறது என்று காட்டிக்கொடுக்கும் அளவுக்கு.

தடயம் 3: கீழே சூடு, மேலே குளிர்

சூரியன் கூடுதலாகச் சுட்டால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். நடப்பது வேறு. மழை பெய்யும் கீழடுக்கு சூடாகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்கிறது. தடித்த போர்வைக்குள் நீங்கள் கதகதப்பாக இருக்கும்போது, போர்வைக்கு மேலே வெப்பம் குறைவாகத்தானே இருக்கும்? 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் ஆற்றலை அளந்துவருகின்றன. இந்த வெப்பத்தை விளக்கும்படியான ஏற்றம் எதுவும் அதில் இல்லை.

அப்படியென்றால் மனித இனம் அழிந்துவிடுமா?

இங்கே எதிரணி வேறு பக்கம் தாவலாம்: “எல்லாம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்தும் பயனில்லை.” இதற்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் படிவம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் காணப்படுகிறது. அத்தனை பெரிய வெடிப்பையும் மனித இனம் தாண்டி வந்தது. நம் இனம் விரைவில் அடியோடு அழிந்துவிடும் என்று பெரும்பாலான பருவநிலை விஞ்ஞானிகள் கூறவில்லை.

ஆனால் அன்றைய மனிதர்கள் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். ஓரிடம் சரிப்படாவிட்டால் வேறிடம் போனார்கள். இன்று நாம் எட்டு பில்லியன் பேர். நமது வயல்களும் துறைமுகங்களும் நகரங்களும், பனியுகம் முடிந்த பிறகு நிலவிய ஓரளவு சீரான பருவநிலையை நம்பி எழுந்தவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரி கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2100க்குள் இங்குக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024ல் வெளியான தேசிய ஆய்வு கணித்தது. அந்த ஆண்டை உங்களில் சிலரே பார்க்கக்கூடும். உங்கள் பிள்ளைகள் நிச்சயம் அதில் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

மனித இனம் பிழைக்கலாம். ஆனால் எத்தனை பேர் வீடிழப்பார்கள், எந்த ஊர் மூழ்கும், யாருக்கு உணவு கிடைக்காது என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கான விடை ஒவ்வொரு அரை டிகிரிக்கும் மாறும்.

காற்றில் பதிந்திருப்பது நமது கைரேகை என்பதில்தான் நம்பிக்கையும் இருக்கிறது. சூரியன் காரணம் என்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. உலகம் வெளியிடும் கரியமில வாயு நிகர சுழியத்தை எட்டினால், அதனால் ஏற்படும் வெப்ப உயர்வு ஏறக்குறைய நின்றுவிடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கடல் மட்டும் அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் மெல்ல உயரும். அதனால்தான் தாமதிக்கத் தாமதிக்க விலை கூடுகிறது. சிங்கப்பூர் 2050க்குள் நிகர சுழியத்தை எட்ட இலக்கு வைத்துள்ளது.

உங்களுக்கு இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருக்கிறது. எதிரணி மாணவரைப் பார்த்து இதைக் கேளுங்கள்: “நாங்கள் மூன்று தடயங்களைக் காட்டினோம். இந்த மூன்றுக்கும் பொருந்தும் வேறு ஒரு காரணத்தை உங்களால் காட்ட முடியுமா?”

பிறகு அமருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கவனமாகக் கேளுங்கள். அறிவியலும் அப்படித்தான் வளர்ந்தது.